ஏழு தட்டு, ஒரு கூச்சல்

சந்தையில் பிடித்த சரக்கைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்க வேண்டும். பிடிக்காத சரக்கைப் பார்த்தால் நாலு வார்த்தை பாராட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வியாபாரத்தின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். காதுக்கடைக்காரர் இந்தப் பாடத்தை முப்பது வருடம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். ஒரே ஒரு முறை, ஆத்திரத்தில், பிடிக்காத சரக்கைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவும் அரசாங்கத்திடம். அதுவும் மூன்று பிரதிகளில்.

அவர் விற்றது காது கேட்கும் கருவி. வீண் வேலையைச் செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர் பிழைப்பே அந்தச் சங்கு. கடையின் பின்பக்கம், ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற அளவில் ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்திருந்தார். வந்தவரை அதில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று கருவியின் திருகைத் திருப்புவார். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க." கை தூக்காதவர் வாடிக்கையாளர். கை தூக்கியவர் நல்ல மனிதர், போய் வரலாம்.

அந்தக் கூண்டுக்கு நேர் கீழே நிலவறை. அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு ஈரச்சுவர் ஒத்திகை பார்த்தது.

ஈரச்சுவர் என்பது நான்கு பேர் கொண்ட இசைக்குழு. பாடுகிறவன் லிஃப்ட் மெக்கானிக். பாட்டு வரிகளையும் வேலை செய்கிற இடத்திலிருந்தே கொண்டுவந்தான். "நாலு பேருக்கு மேல் ஏறாதே! கதவில் சாயாதே! பதற்றம் கொள்ளாதே! உதவி வரும்வரை காத்திரு!" கிட்டார் வாசித்த நெட்டையன் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். அவன் கம்பிகளை விரலால் தொட்டதில்லை, ஸ்க்ரூடிரைவரால் தேய்த்தான். பேஸ் கிட்டார்க்காரன் வாயைத் திறக்க மாட்டான் என்பதால் அவனுக்குக் கம்மு என்று பெயர். பதினோரு வருடமாக ஒரே சுரத்தை வாசித்தான், அதையும் யோசித்து யோசித்துத்தான் வாசித்தான். டிரம்ஸ் அடித்தவள் பேக்கரிக்காரி. தினம் நாற்பது கிலோ மாவு பிசைகிற கை அது. மொத்தமாகச் சேர்த்துக் கேட்டால், ஒரு இரும்பு பீரோ மாடிப்படியில் உருள, அதற்குள்ளே மாட்டிக்கொண்டவர் விதிமுறைகளைச் சத்தம் போட்டு வாசிப்பது போலிருக்கும்.

பதினோரு வருடத்தில் ஒரு கேசட் போட்டார்கள். முப்பது பிரதி. பத்தொன்பது நெட்டையனின் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அவர்களுடைய மிகப்பெரிய நிகழ்ச்சிக்குப் பதினாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர்கள், ஒருவர் வழி தவறியவர். யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் எங்கள் கொள்கை என்பான் நெட்டையன். கடைத்தெருவில் இதைத் தேங்கிய சரக்கு என்பார்கள்.

முதல் தடவை காதுக்கடைக்காரர் நிலவறைக்கு இறங்கி வந்து கேட்டபோது நெட்டையன் பொறுமையாக விளக்கினான்.

"இது போஸ்ட்-பங்க் சார். நாய்ஸ் ராக் பக்கம் கொஞ்சம் சாஞ்சது."

"எந்தப் பக்கம் சாஞ்சாலும் என் கடை மேலதானே விழுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கூண்டில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். திருகைத் திருப்புமுன்பே தூக்கினார்கள். எண்பத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர், பத்து வருடமாக மருமகள் பேச்சே காதில் விழாதவர், இரண்டு கையையும் தூக்கினார். "தம்பி, எனக்கு ஒண்ணும் வேண்டாம், நல்லாத்தான் கேக்குது. யாரோ லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க, முதல்ல அவங்களைப் போய்ப் பாரு."

பெரியவரை வழியனுப்பிவிட்டு, காதுக்கடைக்காரர் கைபேசியில் பதிவு செய்துகொண்டே கீழே போனார். பதினேழு நிமிடம் பொறுத்தார். பிறகு இரும்புக் கதவை ஏழு முறை குத்தினார். "நிறுத்துங்கடா! மனுஷன் காது இது, குப்பைத்தொட்டி இல்ல!" என்று கத்தினார். நான்கு விநாடி அமைதி. கம்மு மட்டும் தன் சுரத்தை ஒருமுறை மீட்டி முடித்தான். பேக்கரிக்காரி ஒன்பதாம் நிமிடம் தும்மியது உட்பட எல்லாம் பதிவாகியிருந்தது.

அந்தப் பதிவோடு ஒலித் தொல்லை அலுவலகத்துக்குப் போனார். படிவம் கொடுத்தார்கள்.

எவ்வளவு காலமாக? "பதினோரு வருடமாக, ஒரு செவ்வாய்கூடத் தவறாமல்."

வேறெங்கும் கேட்டதுண்டா? "உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒன்று இருக்க வாய்ப்பே இல்லை."

கேட்பவரிடம் உண்டாகும் விளைவு? "ஒருமுறை கேட்டவர் சாகும்வரை மறக்க மாட்டார்."

ஒலித் தொல்லை அலுவலகம் போன வருடமே ஒலி மரபு வாரியத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. சிக்கனம் கருதி இரண்டுக்கும் ஒரே படிவம் என்பதும் தெரியாது. படிவத்தின் தலையில் 'தொல்லை / மரபு, பொருந்தாததை அடிக்கவும்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அவர் அடிக்கவில்லை. அவர் எழுதிய பதில்கள் எதை அடித்தாலும் பொருந்தின.

அதே வாரம் அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் ஊருக்குக் கிளம்பினாள். ரயிலில் ஒன்றரை நாள் தூரம்.

"என்னங்க, அவளுக்கு ஆறாம் மாசம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிட்டாரு, அதனால நான் முன்னாடி போறேன். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாடி நீங்க கடையைச் சாத்திட்டு வந்துடணும். அன்னைக்குக் கடைத் திறப்பு விழா, இன்னைக்குச் சங்கக் கூட்டம்னு கதை சொல்லக் கூடாது."

மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, பொறந்ததும் காது கேக்குதான்னு நீங்கதான்பா பார்க்கணும். ஊர்ல எல்லாருக்கும் பார்க்கறீங்க."

"பார்க்காம? முதல் ஆளா நிப்பேன்."

வியாபாரி கொடுத்த வாக்கு. அதில் பேரம் கிடையாது.

நாற்பது நாள் கழித்து நிலவறையில் விழா நடந்தது. வாரியத் தலைவர் வந்தார். நிலவறையின் கூரை தாழ்வு, தலைவரின் மாலை உயரம், ஆகவே குனிந்தபடியே பேசினார்.

"இந்த இசையை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு கருத்து உண்டாகியிருக்கும். கருத்து உள்ளவர் இந்த நாற்காலியில் உட்கார முடியாது என்பது வாரியத்தின் அடிப்படை விதி. பத்தொன்பது ஆண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒலிகளைப் பாதுகாத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றுகூட இன்று வெளியில் கேட்பதில்லை. அவ்வளவு பாதுகாப்பு! இப்போது முந்நூற்றுப் பதின்மூன்றாவது. இதைக் கண்டெடுத்து, காதில் போட்டு, எங்கள் கையில் கொடுத்த கலைஞரை மேடைக்கு அழைக்கிறேன்."

காதுக்கடைக்காரர் திரும்பி யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பின்னால் ஈரமான சுவர்தான் இருந்தது.

சான்றிதழில் ஐந்து பெயர் இருந்தது. பாடகர், கிட்டார், பேஸ், டிரம்ஸ் (தும்மல் உட்பட). ஐந்தாம் கூறு: கதவுத் தட்டல் ஏழு, கூச்சல் ஒன்று.

"ஐயா, நான் புகார் கொடுத்தவன்."

"அடக்கம்," என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் கைதட்டியது.

மறுநாள் கடை வாசலில் ஒரு பித்தளைத் தகடு அறைந்தார்கள். பாதுகாக்கப்பட்ட ஒலி இனி ஒவ்வொரு செவ்வாயும் பதினொரு மணிக்கு, பதிவில் உள்ளபடியே, கூட்டாமல் குறைக்காமல் நிகழ வேண்டும். அதை அளக்க ஓர் அலுவலர் வருவார். அவர் நீலக் கால்சட்டையும் தோளில் ஒரு டெசிபல் கருவியுமாக வந்ததால் எல்லோரும் அவரை மீட்டர் என்றே அழைத்தார்கள். மீட்டர் வந்ததும் முதல் வேலையாக இரண்டு காதிலும் தக்கை அடைத்துக்கொள்வார்.

"கேக்காம எப்படி சார் அளப்பீங்க?" என்றான் மெக்கானிக், கையால் காட்டி.

"விதி பதினாலு. அளக்கறவன் கேட்டா ரசனை வந்துடும். ரசனை வந்தா அளவு கெட்டுடும்."

முதல் செவ்வாயே காதுக்கடைக்காரர் கதவருகில் மீட்டரை மடக்கினார். பேரம் என்றால் அவருக்கு உயிர் வந்துவிடும். எழுதிக் காட்டிப் பேசினார்கள்.

"ஏழு தட்டு எதுக்கு? இரும்புக் கதவு சார், முட்டி போயிடும். மூணு வச்சுக்கலாம்."

"பதிவுல ஏழு."

"அஞ்சு. இதுதான் கடைசி."

"ஏழு."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறு தட்டு. கூச்சல் ஒண்ணுக்கு ரெண்டாத் தர்றேன்."

"கூச்சல் ஒண்ணுதான். கூடப் போட்டா கலப்படம்."

முப்பது வருடத்தில் அவர் ஒரு சல்லிக்காசு இறக்க முடியாமல் போன முதல் ஆள் இந்த மீட்டர்தான். அவரை உள்ளூர மதிக்கத் தோன்றியது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஈரச்சுவர்க்காரர்கள் நிலைமை அதைவிட மோசம். சான்றிதழ் கிடைத்த மாதம் நெட்டையன் தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒழுங்கான ஒரு சுரக்கோவையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அதை வாசித்ததும் மீட்டர் கைதூக்கி நிறுத்தினார். "முன்னேற்றம் அனுமதி இல்ல." பேக்கரிக்காரி ஒன்பதாம் நிமிடம் தும்ம வேண்டும். தும்மல் வராத நாளில் மீட்டர் தன் பையிலிருந்து வாரிய முத்திரை போட்ட டப்பாவைத் திறந்து மிளகுத்தூளை நீட்டினார். மெக்கானிக் குழுவைக் கலைத்துவிடலாம் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன். கலைப்பதற்கான விண்ணப்பம் போட்டான். 'மரபு தன்னைத்தானே கலைத்துக்கொள்வது சேதப்படுத்தல் ஆகும்' என்று பதில் வந்தது.

"அண்ணே," என்றான் மெக்கானிக் ஒருநாள், கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பன் தின்றுகொண்டே. சார் எப்போது அண்ணே ஆனார் என்று இருவருக்கும் தெரியாது. "லிஃப்டுல மாட்டிக்கிட்டா ஒரு மணி இருக்கும், அழுத்தலாம். இதுல மணி எங்கண்ணே இருக்கு?"

"அந்த மணியை அழுத்தினவன்தான்டா நான்."

பேக்கரிக்காரி சிரித்து, அந்தச் சிரிப்பில் மாவு மூக்கில் ஏறி, தும்மினாள். "ஐயோ, இன்னைக்குச் செவ்வாய் இல்ல, வீணாப் போச்சு."

மகளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. காதுக்கடைக்காரர் விடுப்பு விண்ணப்பத்தோடு வாரியத்துக்குப் போனார். மூன்று செவ்வாய் போதும் என்று கேட்டார், இரண்டுக்கு இறங்கத் தயாராக.

தலைவர் அன்போடு உட்காரவைத்தார். "பார்வைக்கு வைத்த சிலைக்கு யாராவது விடுப்பு கொடுப்பார்களா? நாளை தூண் வந்து கேட்கும், சுவர் வந்து கேட்கும். ஆனால் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. மாற்று ஆள் கிடைத்தால் பரிசீலிப்போம்."

மாற்று ஆளுக்குத் தேர்வு நடந்தது. நாற்பது பேர் வரிசையில் நின்று கதவைத் தட்டிக் கத்தினார்கள். ஒருவர் நாடக நடிகர், ஒருவர் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், ஒருவர் பக்கத்துத் தெருவின் ஓய்வுபெற்ற நீதிபதி. எல்லோருக்கும் முடிவு ஒன்றுதான்: கோபம் போதாது. அந்தக் கோபத்துக்கு, அந்தக் கடை வேண்டும், அந்தக் கூண்டு வேண்டும், அந்தப் பதினோரு வருடம் வேண்டும்.

சரி, கெடுத்துவிடலாம் என்று பார்த்தார். அடுத்த செவ்வாய் கதவை விரல் நுனியால் தட்டி, "பிரமாதம், தொடருங்க," என்றார். முள் நகரவில்லை. மீட்டர் சுட்டுவிரலைச் சுழற்றினார்: மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் தடவை பதினேழு நிமிடம். "அருமை," என்றார். மறுபடியும். நான்காம் தடவை பேக்கரிக்காரியின் கையில் கொப்புளம் உடைந்தது. ஆறாம் தடவை மெக்கானிக்கின் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. ஏழாம் தடவை காதுக்கடைக்காரர் தன்னை மறந்து, மகளை நினைத்து, படிவத்தை நினைத்து, அந்த மாலையை நினைத்து, ஏழு குத்து குத்தி அடிவயிற்றிலிருந்து கத்தினார். "நிறுத்துங்கடா! மனுஷன் காது இது, குப்பைத்தொட்டி இல்ல!"

மீட்டர் முள்ளைப் பார்த்தார். கண் கலங்கியது. "மூலப் பதிவைவிடத் துல்லியம்," என்று குறித்துக்கொண்டார்.

அன்றோடு ஒன்று புரிந்தது. எவ்வளவு மாட்டிக்கொள்கிறாரோ அவ்வளவு நன்றாகக் கத்துகிறார். எவ்வளவு நன்றாகக் கத்துகிறாரோ அவ்வளவு மாட்டிக்கொள்கிறார்.

ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், கைப்பையோடு ரயில் நிலையத்துக்குப் போனார். நடைமேடையில் காவலர் தன் கைபேசியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாதுகாக்கப்பட்ட பொருட்கள் பட்டியலில் பூ வேலைப்பாடு செய்த மணிக்கும் பழைய ரயில் விசிலுக்கும் நடுவே அவர் படம் இருந்தது. மரபுப் பொருளை ஊருக்கு வெளியே எடுத்துச் செல்ல முயன்றதாக வழக்கு எழுதினார்கள். கடத்தியவர் அவர், கடத்தப்பட்டதும் அவர். முதல் குற்றம் என்பதால் கடத்தியவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கடத்தப்பட்டதை வாரிய வண்டியில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

குழந்தை செவ்வாய்க்கிழமை பிறந்தது. காலை பதினொன்று பதினேழுக்கு அவர் கதவைக் குத்தி, கூச்சல் போட்டு, கதவைத் திறந்துகொண்டு நின்றார். சான்றளிக்கப்பட்ட நான்கு விநாடி அமைதி தொடங்கியது. சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. பதினேழு நிமிடச் சத்தத்தில் அவர் காது இரைந்துகொண்டிருந்தது, ஆகவே பழக்கத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

நிலவறை முழுக்க ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது.

கம்மு தன் சுரத்தை மீட்ட மறந்தான். பேக்கரிக்காரி குச்சியைக் கீழே போட்டாள். "அப்பா," என்றது மகளின் குரல், களைத்து, அழுகைக்கு நடுவில். "பொண்ணுப்பா. கேக்குதா?" காதுக்கடைக்காரருக்கு அந்தக் குரலும் அழுகையும் நிலவறையும் தலைச்சுற்றலும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஒன்றும் பிரித்துக் கேட்க முடியவில்லை. அவசரமாக அணைத்தார்.

தக்கை அடைத்த மீட்டர் எதையும் கேட்கவில்லை. ஆனால் முள் எழுந்து இறங்கியதைப் பார்த்திருந்தார், தோளிலிருந்த கருவி அதைப் பதிவும் செய்திருந்தது.

"அது என்ன?"

மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு மரபு தானாக வளர்ந்திருப்பது கண்டு வாரியம் பூரிப்படைகிறது. அமைதிப் பகுதியில் தோன்றிய ஆறாம் கூறு, வயது மூன்று நாள், பெயர் இன்னும் இடப்படவில்லை, உடனடியாக நேரில் கொண்டுவரப்பட வேண்டும். அது செவ்வாய்தோறும் உரிய விநாடியில், உரிய அளவில் அழ வேண்டும். காலம்: ஆயுள் முழுதும்.

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"அது பச்சைக் குழந்தை ஐயா! நாலு மாசத்துல அழுகையே மாறிடும்!"

"மாறாமல் பார்த்துக்கொள்ளத்தானே வாரியம்."

"அழலைன்னா?"

"உங்களையும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்." தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கருவி மட்டும் போதாது, அங்கே இருந்த ஒருவராவது கேட்டேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். கருவி பார்த்தது மட்டும்தான் என்றால், விதி ஒன்பதின்படி அது வெறும் அசைவு, ஒலி ஆகாது."

காதுக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். உள்ளே ஒரு கதவு திறந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஈரச்சுவர் நான்கு பேரையும் விசாரித்தார்கள். நாலு பேரும் காதுக்குப் பின்னாலிருந்து கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். அந்த வருடம் காதுக்கடைக்காரர் கடையில் நடந்த நல்ல வியாபாரம் அது ஒன்றுதான்.

"பதினோரு வருஷமா ஈரச்சுவர்ல இருக்கோம் சார்," என்றாள் பேக்கரிக்காரி. "எங்களுக்கு எங்க பாட்டே கேக்காது."

"உதவி வரும்வரை காத்திருக்கவும்," என்றான் மெக்கானிக், கேட்காத கேள்விக்கு.

கம்மு வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அது புதிதல்ல. மிஞ்சியது ஐந்தாம் கூறு. ஊரிலேயே பழுதில்லாத காது. எனக்குக் கேட்கவில்லை என்று அவர் சொன்னதை வாரியம் ஏற்கவில்லை. கருவியிலிருந்த பதிவைப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்றது. அவர் கடையில், அவர் கூண்டில், அவர் கருவியில்.

மீட்டருக்குக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. இந்தத் திருகு சத்தம், இந்தப் பொத்தான் இடது காது. மீட்டர் நோட்டில் வரைந்துகொண்டார். நல்ல மனிதர்தான், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

"ஒரு சந்தேகம். கேட்டுட்டே கேக்கலைன்னு நடிக்கறவங்க வருவாங்கல்ல? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

முப்பது வருடத் தொழில் ரகசியம். நடிக்கிறவர்கள் கையைக் கட்டிவைத்துவிடுவார்கள், தொண்டைக்குழியைக் கட்ட முடியாது. சத்தம் விழும்போது எச்சில் விழுங்கும். எத்தனை மாமியார்களை, எத்தனை வேலைக்குப் போக விரும்பாதவர்களை அந்தக் குழியில் பிடித்திருக்கிறார்!

"விரல்," என்று எழுதிக் காட்டினார். "சுண்டுவிரலைப் பாருங்க. பொய் சொன்னா நடுங்கும்."

மீட்டர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். காதுக்கடைக்காரர் சட்டைக் காலரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. முழங்கால் கண்ணாடியில் இடித்தது. இத்தனை வருடத்தில் அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. உள்ளே இவ்வளவு இடம் குறைவு என்று யாரும் சொன்னதில்லை.

"கேட்டா கையைத் தூக்குங்க," என்றார் மீட்டர் கண்ணாடிக்கு வெளியே.

முதல் திருகில் ஒரு கொசு. இரண்டாவதில் கொசு குழந்தையானது. மூன்றாவதில் பேத்தி அழுதாள்.

அன்று நிலவறையில் கேட்காதது எல்லாம் இன்று கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் சின்ன விக்கல் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் தூரத்தில் சிரிப்பது கேட்டது. கை மடியில் கிடந்தது. சுண்டுவிரல் மரக்கட்டை. மீட்டர் அதையே பார்த்தார். திருகு ஏறியது. அறுபது. எழுபது. காலருக்குள் தொண்டைக்குழி ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது.

எண்பதில் மகளின் குரல் வந்தது. "அப்பா. பொண்ணுப்பா. கேக்குதா?"

அந்த இடத்தில், அம்மாவின் குரல் தொடங்கிய கணத்தில், அழுகை நின்றது. அரை விநாடி. குரல் முடிந்ததும் மறுபடி தொடங்கியது.

காதுக்கடைக்காரர் மீட்டரிடம் மறுபடி போடச் சொல்ல முடியாது. மீட்டர் விதிப்படி தானே மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அதே இடத்தில் அழுகை நின்று காது கொடுத்தது. சந்தேகமில்லை. இரண்டு காதும் கேட்கிறது. நல்ல, முதல் தரமான, குறையில்லாத காது. பிறந்ததும் நான்தான் பார்ப்பேன் என்று சொன்னவர் பார்த்துவிட்டார். கை தூக்க வேண்டிய இடம் இதுதான், வாழ்க்கையில் வேறெங்கும் இல்லை. கை மடியிலேயே கிடந்தது.

தொண்ணூறில் மீட்டர் திருகை அணைத்தார்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. 'மேற்படி குழந்தையின் அழுகை என்ற ஒரே ஒலிக்கு மட்டும் ஐந்தாம் கூறு முழுச் செவிடு எனச் சான்றளிக்கப்படுகிறது. சாட்சியின்மையால் ஆறாம் கூறு கைவிடப்படுகிறது. இந்த அபூர்வச் செவிட்டுத்தன்மை இத்துடன் பாதுகாக்கப்பட்ட அம்சமாக அறிவிக்கப்பட்டு, முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படும். கேட்டதாக நிரூபணமானால் கைவிடப்பட்ட கூறு மீட்கப்படும். பேத்தியைக் காணக் கோரிய விடுப்பு: கேட்க இயலாத ஒலியை நாடிப் பயணம் செய்வதில் பொருளில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

வாசலில் இரண்டாவது பித்தளைத் தகடு ஏறியது. அதன் அடியில் நின்று அவர் மனைவிக்குப் போன் போட்டு, பாப்பாவை இந்த ஊர்ப் பக்கமே கொண்டுவராதே, இங்கே முள் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் பாதி புரிந்து, மீதிக்கு அழுதாள்.

அடுத்த செவ்வாய் ஈரச்சுவர் பதினேழு நிமிடம் வாசித்தது. மிளகுத்தூள் வேலை செய்தது. ஏழு குத்து, ஒரு கூச்சல், அமைதி, கம்முவின் சுரம். எல்லாம் சரி. மேலே கடைக்கு வந்து கைமுட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மனைவி.

பின்னாலேயே படியேறி வந்திருந்த மீட்டர், இங்கே அளக்க வேண்டியது சத்தம் அல்ல என்பதால், இரண்டு தக்கைகளையும் கழற்றினார். முதன்முறையாக அவர் காதுகளை முழுதாகப் பார்க்க முடிந்தது, சின்னஞ்சிறு காதுகள். நோட்டைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "திடீர் சோதனை," என்றார். பிறகு காதுக்கடைக்காரரின் சுண்டுவிரலை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"என்னங்க," என்றாள் மனைவி. "உங்க பேத்தி ஊரைக் கூட்டறா. கேக்குதா?"

அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். காலரின் மேல் பொத்தான் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். போட்டிருந்தது.

"கேக்கலையே."

"இவ்வளவு கத்தறா! இப்ப?"

அவர் முகத்தைச் சுளித்தார், சந்தையில் முதல் தரச் சரக்கைப் பார்த்தவர்போல.

"ஒண்ணும் கேக்கல. இன்னும் கொஞ்சம் கிட்ட வை."